கையை எடுங்க சார்

உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியின் வாசலில் அப்பாவின் கார் நிற்பதைப் பார்த்ததுமே கெசியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. விடுதியிலிருந்த அவளுடைய பெட்டி அதற்குள் டிக்கியில் ஏறியிருந்தது.

“சார் போன் பண்ணுனாரு கண்ணு. உனக்குக் கை வரலையாமா. ஊட்டுக்குப் போயர்லாம்” என்றார் பாக்கியசாமி. கணபதிப் பகுதியில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். மகளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

இருபத்தாறு வயதுக்காரி, ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்தவள். அவளிடம் சொல்ல வேண்டியதைப் பயிற்சியாளர் நரசிம்மலு சார் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கூடச் சேர்ந்த பையன்கள் எல்லாம் தனியாகப் பறந்து முடித்துவிட்டார்கள். மேலே இருக்கும்வரை அவளும் அவர்களுக்குக் குறைந்தவள் இல்லை. தரையிறக்கும்போதுதான், ஒவ்வொரு முறையும் சக்கரம் தரையில் பட்டதும் விமானம் தவளை மாதிரி எகிறியது.

நேராக அவரிடம் போனாள். “இன்னிக்கு என் பேரு போர்டுல இருக்குதுங்க சார். எறக்கிட்டுத்தான் போவேன்.”

“ஏனுங்க அம்மணி, காத்து குறுக்க அடிக்குது. பழகுன பசங்களே தடுமார்றாங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்த ரோதனை?” ஒரு ‘ங்க’ குறையாமல் ஆளை மட்டம் தட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

“காத்து எனக்கு மட்டுமா அடிக்குதுங்க?”

அவர் சிரித்துக்கொண்டே வந்து விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

முதல் சுற்றில் வழக்கம்போலத்தான் நடந்தது. ஓடுபாதை நெருங்கி வர, மூக்கைத் தூக்கக் கைப்பிடியை மெல்ல இழுத்தாள். அவள் இழுத்ததைவிட அதிகமாக அது பின்னால் வந்தது. விமானம் எகிறியது. இஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளி மறுபடி மேலே ஏற்றினாள். இருவர் முன்னாலும் ஆளுக்கொரு கைப்பிடி. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். இத்தனை நாள் பயத்தில் அந்த அதிகப்படி இழுப்பைத் தன் கையின் தப்பு என்றே நினைத்திருந்தாள். இன்று இருந்தது கோபம் மட்டுமே. அதனால் கண்ணில் பட்டது: அவருடைய விரல்கள் அவருடைய கைப்பிடியைப் பிடித்திருந்தன.

“சார், கையை எடுங்க.”

“என்னங்க?”

“நான் இழுக்கறப்ப நீங்களும் சேர்ந்து இழுக்கறீங்க. அதனாலதான் எகிறுது.”

“நான் புடிக்கலைன்னா நாம ரெண்டு பேரும் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பமுங்க.”

“ஆபத்துன்னா புடுங்கிக்கங்க. அதுக்கு முன்னாடி தொடாதீங்க. எகிறுனாலும் அது என்னுதா இருக்கட்டும்.”

பிறகு கடைக்கண்ணில், இரண்டு கைகள் முழங்கால்களுக்கு மேல் போய் உட்கார்வது தெரிந்தது.

அடுத்த முறை காற்று இறக்கையைத் தூக்கியது. விமானம் தரை தொடாமல் மிதந்துகொண்டே போனது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே ஏற்றினாள்.

மறுபடி வந்தாள். வேறு கை இல்லாத கைப்பிடி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை; ஒரு கணம் பயந்தே போனாள். காற்று வந்த வலப்பக்கம் இறக்கையைச் சாய்த்து, இடது பெடலை மிதித்துப் பொறுத்திருந்தாள். இழுக்க வேண்டும் என்று கை துடித்தது. இழுக்கவில்லை. பிறகு, கொஞ்சமாக. வலது சக்கரம் கிறீச்சிட்டது. இடது சக்கரம் தொப்பென்று விழுந்தது. கடைசியாக மூக்குச் சக்கரம். எகிறவில்லை.

“பல்லே ஆடிப்போச்சுங்க” என்றார்.

“ஆடட்டுங்க சார்.”

வேலியோரம் அப்பா நின்றிருந்தார். நரசிம்மலு அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். “காத்து உட்டுக்குடுத்துச்சா, நீங்களா எறக்குனீங்களான்னு எனக்குத் தெரியலைங்க.”

“மறுக்கா பாருங்க” என்று த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாள்.

கீழே தென்னைகள் மொத்தமும் கிழக்கே சாய்ந்து கிடந்தன. விமானம் மூக்கைச் சற்றே மேற்கே காற்றுக்குள் திருப்பிக்கொண்டு, ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே இம்மியும் விலகாமல் நேர்தெற்கே ஏறிக்கொண்டிருந்தது.