கழற்றாத வளையம்

காலை ஆறரை மணி. ஐஸ்கிரீம் தொழிற்கூடத்தின் வாசலில் பதினெட்டுப் பேர் கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதலாளி ஒவ்வொரு கையையும் புரட்டிப் பார்த்தபடி வந்தார். யாருடைய நகத்திலாவது கோடு போல அழுக்குத் தெரிந்தால், தன் சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனம் அறைந்ததைப் போல இருக்கும். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயரும் நகவெட்டிதான்.

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிறர் வாயில் வைக்கும் பண்டத்தைச் செய்கிறவன் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவருடைய தந்தை தொடங்கிய தொழில் அது. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் குடும்பப் பெயர் அச்சாகியிருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தால் தன் முகத்தில் விழுந்ததாக எண்ணுகிற மனிதர் அவர்.

அன்று வரிசை முடியும் இடத்தில் ஒரு பெண் தனியாக நின்றாள். டப்பாக்களுக்கு மூடி போடுகிறவள். எல்லோரும் மூடிக்காரி என்றே கூப்பிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வந்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு விடுப்பில் போனவள், வெறும் வயிற்றோடு திரும்பியிருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் குழந்தை உள்ளேயே அடங்கிப்போனது.

அவளும் கையை நீட்டினாள். முதலாளி பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல கிருமின்னு எழுதியிருக்காமே?"

"ஆமாங்கய்யா. ரத்தத்துல இருந்துச்சாம்."

"அப்ப வீட்டுலயே இரும்மா. உன் வீட்டுக் கிருமி என் கூடத்துக்குள்ள வரக்கூடாது. இது வாய்க்குப் போற பண்டம்."

"ஐயா, நான் தினம் தொடச்சுப் பெருக்கற வீடுய்யா அது…"

"பெருக்கறது வேற, சுத்தம் வேற."

 நீட்டிய கை முந்தானைக்குள் போய்விட்டது. கர்ப்பமாக இருந்த நாளெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று ஒரு கப் ஐஸ்கிரீமைத் தன் கையால் கொடுத்த மனிதரா இவர் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். திரும்பிப் போய்விட்டாள்.

கூடத்தின் நடுவில் ஐஸ்கிரீமைக் கடைந்து உறையவைக்கும் இயந்திரம் நின்றது. காய்ச்சி ஆறிய பால் கலவை அதற்குள் போய், உறைந்து, அடியிலுள்ள குழாய்வாய் வழியாக டப்பாவில் விழும். தந்தை வாங்கியது. அதை வேற்றுக்கை கழற்றக்கூடாது, வீட்டுக்கு மூத்தவன்தான் கழற்றிக் கழுவவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதன்படி தினமும் ஒரு மணிக்கு முதலாளி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அரை மணி கழித்து, வேட்டியின் மடிப்புக்கூடக் கலையாமல் வெளியே வருவார்.

"பாருடா, மெஷினுக்கு நகம் வெட்டிட்டு வர்றாரு. ஒரு சொட்டுத் தண்ணி மேல படல. நீ ஒரு டம்ளர் கழுவினா குளிச்சிட்டு வர்ற" என்று மேஸ்திரி பையன்களைக் கேலி செய்வார். அந்த மடிப்புக் கலையாத வேட்டியைப் பெருமையாகப் பேசினார்களே தவிர, ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அதே காலையில், ஊரின் மறுகோடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் முதலாளியின் மருமகள் ஒரு கணினித் திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். உணவில் வளரும் கெட்ட கிருமிகளை ஆராய்வது அவள் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேருடைய ரத்தத்தில் எடுத்த கிருமி வந்திருந்தது. இரண்டு முதியவர்கள், ஒரு புற்றுநோயாளி, ஒரு கர்ப்பிணி. எல்லாம் லிஸ்டீரியா. மற்றக் கிருமிகள் குளிரில் முடங்கிக் கிடக்கும். இது குளிர்பெட்டிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். உறைய வைத்தாலும் சாகாது. வயிற்றுப்பிள்ளைக்கு எமன். தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தெரிந்து, பிள்ளையை முடித்துவிடும்.

கடைகளில் எடுத்த அறுபது உணவு மாதிரிகளோடு அந்த நான்கையும் ஒப்பிட்டிருந்தார்கள். மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நாற்பத்தொன்றாம் எண்ணில் இருந்த கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல மரபணுவில் ஒத்துப்போயின. பதிவு அலுவலர் உறையைப் பிரித்து, அந்த எண்ணுக்குரிய படத்தைக் காட்டினார். மூடியில் அவள் புகுந்த வீட்டின் பெயர் இருந்தது.

 போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அதைத்தான் சாப்பிட்டிருந்தாள். எழுந்து நேராகத் தலைமை ஆய்வாளரிடம் போனாள்.

"மேடம், இது எங்க வீட்டுப் பண்டம். இனிமே இந்தக் கோப்பை நான் தொடக்கூடாது. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

பகல் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இலேசில் அடங்காத புயல் அடித்தது. மாலை மூன்று மணிக்குச் சோதனைக்கு வருவதாக உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து முதலாளிக்குத் தகவல் போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் கிருமி பாக்கப் போனவ, உட்கார்ந்த கிளையையே வெட்டிட்டு வந்திருக்கா" என்றாள் மாமியார், சோற்றுப் பாத்திரத்தை நங்கென்று வைத்து.

"நான் வெட்டல அத்தை. அது உள்ளுக்குள்ள உளுத்துப் போயிருக்கு."

முதலாளி தட்டைத் தொடவில்லை. குரலை உயர்த்தாமல் பேசினார். "இந்தாம்மா. அறுபது நம்பர் இருக்குன்னு சொல்ற. அதுல ஒண்ணு இடம் மாறிப் போச்சுன்னா யாரு கேக்கப்போறா?"

"மாமா!"

"உன் மாமனார் தலை குனிஞ்சா உனக்கு நல்லாருக்குமா? நாளைக்கு உன் பிள்ளைங்களுக்கும் அந்தப் பேருதான்."

மகன் தண்ணீர் குடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான். டம்ளர் காலியாகி வெகு நேரமாகியிருந்தது.

மனிதன் மானத்துக்குப் பயந்தால் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நகத்தில் கோடு தெரிந்தால் பொறுக்காத வாய், நான்கு பேர் ரத்தத்தில் கிடைத்த உண்மையைத் துடைத்துவிடச் சொன்னது.

"மாமா, அந்த நாலுல ஒருத்தி கர்ப்பிணி. பேரு எனக்குத் தெரியாது. பிள்ளை செத்துப் பிறந்திருக்கு. எந்த நம்பரை மாத்தினா அது அழும்?"

முதலாளியின் தாடை இறுகியது. "என் மெஷின்ல அழுக்கு இருக்காது. வரட்டும். எல்லார் முன்னாடியும் கழட்டிக் காட்டறேன். அழுக்கு இருந்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

மூன்று மணிக்கு உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் உதவியாளரோடு வந்தார். வேலையாட்கள் சுவரோரம் நின்றார்கள். மருமகள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஆய்வாளரே, "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"பாக்க மட்டுமில்ல" என்றார் முதலாளி.

"அந்தக் குழாய்வாயைக் கழட்டுங்க. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வேணும்."

முதலாளி திருகு கழற்றும் சாவியோடு இயந்திரத்தின் முன் போனார். குழாய்வாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஒரு கையால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். முகம் சிவந்தது. மறுபடி முயன்றார். முழங்கால் மடங்கவில்லை. நிமிரவும் முடியாமல், குனியவும் முடியாமல், இயந்திரத்தைப் பற்றியபடி நின்றார்.

மேஸ்திரி மெதுவாக முன்னே வந்தார். "ஐயா… நான் கழட்டட்டுமா?"

அந்த நிமிடத்தில்தான் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு வருடமாக அவருடைய முழங்கால் மடங்கவில்லை. இரண்டு வருடமாக அவர் கதவைச் சாத்திக்கொண்டு, மேலிருந்து வெந்நீரை ஊற்றி ஓடவிட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, மீதி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு கை கழுவியிருக்கும். மூத்தவனுக்கு முடியவில்லை என்று ஊர் பேசுமே என்ற ஒரே காரணம். வெந்நீரே போதும் என்று தன்னையும் நம்பவைத்திருந்தார்.

"கழட்டு" என்றார்.

திருகு எளிதில் வரவில்லை. வந்தபோது ஒரு வீச்சம் முதலில் வந்தது. புளித்த பாலும், சாக்கடையும், ஈரத் துணியை மாதக்கணக்கில் மூடி வைத்த வாடையும் சேர்ந்த வீச்சம். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்த ரப்பர் வளையம் வெள்ளையாக இருந்திருக்கவேண்டியது. அதன் மேல் மஞ்சளும் கறுப்புமாகச் சளி மாதிரி ஒரு பசை கெட்டியாகப் படிந்திருந்தது. தொட்டபோது நூல் நூலாக இழுபட்டது. அந்த வளையத்தின் நடுவழியாகத்தான் இரண்டு வருட ஐஸ்கிரீமும் இறங்கியிருந்தது. சுவரோரம் நின்ற ஒருத்தி ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"காய்ச்சறப்பவே கிருமி செத்திருக்குமேய்யா" என்றார் மேஸ்திரி நம்பமுடியாமல்.

"காய்ச்சினதுல சாவுது. காய்ச்சினதுக்கப்புறம் பால் இதுக்குள்ள பூந்து வருதே" என்றார் ஆய்வாளர். "இந்தப் பசைதான் அதுக்குக் கோட்டை. மேலே வெந்நி ஊத்தினா சுவர் நனையும், உள்ளே இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. தேய்ச்சாத்தான் போகும்."

முதலாளி கையை நீட்டி அந்த வளையத்தை வாங்கினார். விரல்களுக்கிடையில் அது வழுக்கியது.  பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மூடிக்காரிக்கு நான் தினம் குடுத்த கப்பு… இதுலேர்ந்துதானே?"

ஆய்வாளர் மாதிரி எடுக்கும் பையைத் திறந்து நீட்டினார். முதலாளி வளையத்தை அதற்குள் போட்டார்.

கடைகளில் இருந்த டப்பாக்கள் அத்தனையையும் திரும்ப எடுக்கச் சொல்லி அவரே தொலைபேசியில் பேசினார். காரணத்தை மறைக்கவில்லை. கூடத்துக்கு முத்திரை வைத்தார்கள். அவர் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு மகனை அழைத்துக்கொண்டு மூடிக்காரியின் வீட்டுக்குப் போனார்.

ஒற்றை அறை வீடு. வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டு, தண்ணீர்க் குடம் மூடப்பட்டு, தரை உலர்ந்து கிடந்தது. அவருடைய கூடத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

"உன் வீட்டுக் கிருமி இல்லம்மா" என்றார். "என் மெஷின்லேர்ந்துதான். நான் ரெண்டு வருஷமா அதைக் கழட்டவே இல்ல. கால் முடியலன்னு சொல்ல வெக்கமா இருந்தது."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று மகன் எதிர்பார்த்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் காட்டுங்கய்யா" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார், காலை வரிசையில் நிற்கிறவர்களைப் போல. அவள் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். மூன்று முறை கழுவியும் வலது கட்டைவிரல் நகத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு தங்கியிருந்தது.

"இந்தக் கையாலதான் ரெண்டு உசுருக்குச் சாப்பிடுன்னு குடுத்தீங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று கேட்கிற யோக்கியதை அவருக்கும் இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, முத்திரை வைத்த கதவின் முன் வேலையாட்கள் வழக்கம்போல வந்து நின்றார்கள். முதலாளி வந்தார். மீசை இல்லை. வரிசையின் எதிரில் நிற்காமல், கடைசி ஆளின் பக்கத்தில் போய் வரிசையில் நின்றார். நகவெட்டியை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"கூடம் மறுபடி திறந்தாலும், இனிமே கதவு சாத்தற வேலை கிடையாது. மெஷினை நீ கழட்டு, ஆளுக்கு ஒரு நாள் பக்கத்துல நின்னு பாருங்க. இப்ப கை பாக்கறதை என் கையிலேர்ந்து ஆரம்பி" என்றார்.

மேஸ்திரி தயங்கினார். "ஐயா, உங்க குடும்ப மானம்…"

"மானத்தைக் காப்பாத்தறேன்னு அழுக்கை மூடினேன். மூடின அழுக்கு ஒரு பிள்ளையைத் தின்னுடுச்சு" என்றார் அவர், கையை நீட்டியபடியே. "முடியலன்னு சொல்றதுல மானம் போகாது மேஸ்திரி. கழுவாததைக் கழுவினேன்னு சொன்னாத்தான் போகும். நல்லாப் பாரு. கட்டைவிரலைத் திருப்பிப் பாரு."