இருபத்தேழாம் எண் பிளம் மரம்

செர்பியாவில் ஷார்கா என்ற வைரஸ் நோயின் பேரைக் கேட்டாலே பிளம் விவசாயி தோட்டத்துக்கு ஓடுவான். இலையில் வெளிறிய வளையம் விழும், காய் பழுக்கும் முன்னே உதிரும். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

அந்த வைரஸுக்கு மசியாத ஒரு மரத்துக்காகவே தாரிங்காவின் கணவன் லூபிஷா ஆயுளைக் கரைத்தான். ஆய்வுத் தோட்டத்தில் அவன் கடைசியாக உருவாக்கிய கன்று இருபத்தேழாம் எண். சோதித்துப் பார்க்கும் முன்பே மாரடைப்பு அவனைக் கொண்டுபோயிற்று. நோய் தொற்றுகிறதா என்று பார்க்க, நோயுற்ற மரத்தின் மொட்டை எடுத்து அந்தக் கன்றின் பட்டையில் ஒட்டியவள் தாரிங்காதான். ஏழு வசந்தம் போயும் ஓர் இலையிலும் வளையம் இல்லை. பிள்ளையில்லாதவள், தினமும் காலையில் காபியோடு அந்த மரத்தடியில் நின்று பேசுவாள். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த ஆண்டு அந்த ரகத்தை லூபிஷாவின் பெயரிலேயே பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தாள்.

ஜூனில், இறந்தோரை நினைக்கும் சனிக்கிழமை. தோட்டத் தொழிலாளி வீதோமிர் லூபிஷாவின் கல்லறை மண்ணில் பிளம் சாராயம் ஊற்றினான்.

“குடிண்ணே. உன் புள்ளைய நான் காப்பாத்திட்டேன்.”

“எந்தப் புள்ளைய?” என்றாள் தாரிங்கா.

“இருபத்தேழுதான் அண்ணி. நீங்க சீக்கு மொட்ட ஒட்டின மறுநாளே அதப் பேத்தெறிஞ்சுட்டு நல்ல மொட்டா வச்சுக் கட்டிட்டேன். அண்ணன் போயி நாப்பது நாள்கூட ஆகல. அவரு மரத்துக்கே வெஷம் வைக்கறதா?”

“அடப்பாவி! அப்ப சோதனையே நடக்கலயா? ஏழு வருஷம்டா!”

“நல்லாத்தானே இருக்கு?” அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நம்பி நட்டவன் தோட்டம் பட்டுப்போனால் லூபிஷாவின் பெயரைச் சொல்லித்தானே மண்ணை வாரித் தூற்றுவான்? திங்களன்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். மரத்தில் மூன்று இடத்தில் கீறி, நோய் மொட்டுகளைத் தன் கையாலேயே ஒட்டிக் கட்டினாள். அன்று மரத்தோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மறு ஆண்டு மே மாதம் இலையெல்லாம் வளையம். கையில் காபி ஆறிப்போயிற்று. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீதோமிர் பின்னால் வந்து நின்றான்.

“நான் செஞ்சது தப்புதானே அண்ணி?”

“தப்புதான்டா.” அவள் அழுதாள். “ஆனா ஏழு வருஷம் எனக்குத் துணைக்கு ஆள் இருந்துச்சு. போ, ரம்பத்த எடுத்துட்டு வா.”