செவ்வாய்க் கொல்லைக்குச் செய்த பெட்டி

வெற்றிச்செல்வி செய்த பெட்டியைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். அதனால் அரியமுத்து செய்த காரியத்தைச் சொல்லும்போது அவரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். கடைசியில் வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம், அவரும் சேர்ந்துகொள்வார்.

பள்ளிக்கூடப் பை அளவுள்ள சாம்பல் நிறப் பெட்டி அது. முன்பக்கம் வட்டக் கண்ணாடி, அதற்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு முள். கீழே நீளமாக ஒரு பித்தளை மூக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனால், அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தில் பச்சை விளக்கு எரியும். பூமிக்குள் யாரோ முனகுவதுபோல ‘தூம்... தூம்...’ என்று சத்தம் வரும்.

வரும் என்றால் கதையில் வரும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்கள் தண்ணீர் தேடும் கருவி அது. அசலில் பார்த்தால் பெட்டியின் உடம்பு செருப்பு தைக்கும் ரப்பர் ஷீட்டு. முள் ஒரு பழைய பைக்கின் ஸ்பீடாமீட்டர். மூக்கு பருத்திக்கு மருந்தடிக்கும் டேங்கிலிருந்து கழற்றியது. கைப்பிடியில் கட்டைவிரல் படுகிற இடத்தில், ரப்பருக்கு அடியில், ஒரு பொத்தான் ஒளிந்திருக்கிறது. நடிகர் அதை அழுத்தினால் விளக்கும் வரும், சத்தமும் வரும்.

வெற்றிச்செல்விக்கு இதுதான் தொழில். பெரம்பலூரில் கல்யாண மேடைகளுக்குத் தெர்மகோலில் மயிலும் யானையும் வெட்டிக்கொண்டிருந்தவள், குறும்படக்காரர்கள் சிலர் கேட்டார்கள் என்று விண்வெளித் தொப்பி ஒன்று செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவர்கள் வந்தார்கள். இப்போது செந்துறையில் சித்தப்பா அரியமுத்துவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் துப்பாக்கி, கவசம், ரோபோவின் கை எல்லாம் செய்கிறாள். பஸ்ஸில் ரோபோ கையைத் தூக்கிக்கொண்டு போனால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். கொடுத்துவிடுவாள்.

அவளுடைய சிநேகிதி ஜோதி பெரம்பலூரில் படக்கதை எழுதுகிறாள். அவள் எழுதிய ‘செவ்வாய்க் கொல்லை’ என்ற படக்கதையைத்தான் ரஞ்சித்குமார் என்ற இளைஞர் இணையத் தொடராக எடுக்கிறார். மழையை நம்பி விதைக்கிற நம்முடைய மானாவாரிக் கொல்லைக்காரர்களே செவ்வாய்க்குப் போய்ச் சோளம் போடுகிற கதை. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த ஒரு பள்ளம்தான் செவ்வாய். அங்கே காலை ஏழு மணிக்கு முதல் காட்சி, அதுவும் பெட்டியை வைத்து.

அதற்கு முதல் நாள் மத்தியானம் வெற்றிச்செல்வி பெரம்பலூர் போய், காட்சிகளின் பிரதியை வாங்கிக்கொண்டு, ஜோதியையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் பெட்டி இல்லை.

“சித்தி, பெட்டி எங்க?”

இருசம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். “ஒங்க சித்தப்பா எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயிருக்காரு. போர் போட நேத்தே தண்ணிக்குப் பாயிண்ட் பாத்துட்டாராம். போர் வண்டி வருது.”

“பாயிண்டா? எதை வெச்சுப் பாத்தாரு?”

“ஒன் மெசினை வெச்சுத்தான். எடம் வந்ததும் தன்னால கத்துச்சாமே. நான் சொன்னேன், அதைச் சினிமாவுக்குத்தானேங்க செஞ்சா புள்ளன்னு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இருன்னுட்டாரு.”

வெற்றிச்செல்வி வண்டிச் சாவியைத் தேடி ஓடினாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அரியமுத்துவின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் அரியமுத்துதான். இருபத்தெட்டு வருடம் கொத்தனாராகச் சாரம் ஏறி இறங்கி வாங்கிய இரண்டு ஏக்கர். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவர் வந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தைக் காட்ட, போன வருடம் அங்கே போர் போட்டார். அறுநூற்று இருபது அடி. புகைபோலப் புழுதிதான் வந்தது. இப்போது இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டு இரண்டாவது போருக்கு வண்டியை வரச் சொல்லியிருக்கிறார். இதுவும் புழுதியாகப் போனால் அடுத்து விற்க அந்த மண்தான் மிச்சம்.

இருவரும் டிவிஎஸ் வண்டியில் ஏறிப் பறந்தார்கள்.

கொல்லையில் போர் வண்டி வந்து நின்றுவிட்டது. பாயிண்டில் மூன்று செங்கல் வைத்து மஞ்சள் குங்குமம் பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தது. அரியமுத்து சலவை வேட்டியில் இருந்தார். கக்கத்தில் பெட்டி. பெட்டியின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு.

“வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்த. ஒன் கையால சூடம் கொளுத்து,” என்றார்.

“சித்தப்பா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. இது பொம்மை.”

“பொம்மைன்னா எப்புடி கத்தும்? மூணு தடவை நடந்தேன். மூணு தடவையும் இந்தா, இந்த எடத்துலதான் கத்துச்சு.”

அவள் பெட்டியை வாங்கிக் கைப்பிடியைக் காட்டினாள். “இங்க பட்டன் இருக்கு. கட்டைவெரலு அமுங்கினா கத்தும். கொல்லைய ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள கை அசந்து போயிருக்கும், ஒங்களுக்கே தெரியாம அமுக்கியிருப்பீங்க.” அழுத்தினாள். தூம், தூம் என்றது.

அரியமுத்து அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். முகம் வாடவில்லை. மாறாக, ஒரு ரகசியம் புரிந்தாற்போல மலர்ந்தது.

“சரி. வெரலுதான் அமுக்குச்சு. அந்த வெரலு ஏன் கெழக்க அமுக்கல? ஏன் மேக்க அமுக்கல? இந்த எடத்துல வந்து ஏன் அமுக்குச்சு? அதைச் சொல்லு.”

 போர் வண்டிக்காரர் வீரமணி ஏணியில் சாய்ந்துகொண்டு, “ஐயா கேக்குறதும் நாயம்தானே,” என்றார்.

ஜோதி முன்னால் வந்தாள். “சித்தப்பா, இது நான் எழுதின கதைங்க. அதுல வர்ற மெசினு.”

“நான் படிச்சேனே. நீ குடுத்த பொஸ்தகம்தான். அதுல வர்ற ஆளு இதே மாரி நடக்குறான், இதே மாரி கத்துது, தோண்டுனா தண்ணி பீச்சி அடிக்குது.”

“தண்ணி வரும்னு நான் எழுதினேன் சித்தப்பா. அதனால வந்துச்சு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எழுதுற எடத்துலயெல்லாம் வந்துருது. எனக்கு எழுதுனவன்தான் சரியில்ல. அதையும் இந்த வாட்டி பாத்துருவோம்.”

வீரமணி சிரித்துவிட்டார். பெண்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பதற்றத்திலும் வெற்றிச்செல்விக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. கொத்தனார் கண். அரை அங்குலம் சுவர் சாய்ந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற கண். அது தன் வேலையை நம்பிவிட்டதே என்ற பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது அவருடைய மண்ணைப் பறிக்கப் போகிறது என்பதும் அடுத்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்தது.

“கத்தி இருக்கா அண்ணே?” என்று வீரமணியிடம் கேட்டாள்.

“என்னடி பண்ணப் போற?” ஜோதி அவள் கையைப் பிடித்தாள். “காலையில ஏழு மணிக்கு ஷூட்டிங்.”

பெட்டியில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. செவ்வாயில் செய்த பொருள்போல இருக்கவேண்டும், ஆணியே கண்ணில் படக்கூடாது என்று ரஞ்சித்குமார் சொல்லியிருந்ததால், சுற்றிலும் பசை போட்டு ஒட்டி, தேய்த்து, ஏழு கோட் பெயிண்ட் அடித்திருந்தாள். திறப்பது என்றால் அறுப்பதுதான். மூன்று வார வேலை.

“கையை எடுடி. செஞ்சவளுக்குத் திரும்பச் செய்யத் தெரியும்,” என்றாள்.

வரப்பில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து, மீனை வகிர்வதுபோல வயிற்றுப் பக்கம் அறுத்தாள். அரியமுத்து “ஐயோ, பாத்து, பாத்து” என்று பச்சைப் பிள்ளைக்குப் பதறுவதுபோலப் பதறினார். உள்ளே ஸ்பீடாமீட்டர் தெரிந்தது. பேட்டரி தெரிந்தது. அதை ஒட்டி, ஓடு கழற்றிய ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் ஸ்பீக்கரும்.

“மெசின்னா உள்ள ஏதாச்சும் இருக்கத்தான் செய்யும்,” என்றார் அரியமுத்து. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இது என்னன்னு தெரியுதா?”

“தெரியல.”

அந்தப் பலகையின் சத்தத்தை இழுத்துக் கனமாக்குவதற்காக அவள் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்துப் பற்றவைத்திருந்தாள், அரிசி அளவு இருக்கும். கத்தி முனையால் அதைப் பெயர்த்தாள். துள்ளி உழவு மண்ணுக்குள் எங்கோ விழுந்தது. பிறகு இரண்டு கம்பி முனைகளைச் சேர்த்து வைத்துக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள்.

கீச், கீச், கீச், கீச்சூ.

கொல்லை முழுக்கக் கேட்டது. அரியமுத்து பெட்டியைப் பார்க்கவில்லை. திரும்பி ஊர்ப்பக்கம், தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்தார்.

நீங்கள் அந்தத் தெருவில் இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் வீட்டு வாசலில் இரண்டு வருடம் தொங்கிய காலிங் பெல் அது. தெருப்பிள்ளைகள் அழுத்திவிட்டு ஓடுவார்கள், இருசம்மாள் அடுப்பை விட்டுவிட்டு “யாரு, வாங்க, வாங்க” என்று ஓடி வந்து வெறும் வாசலை வரவேற்றுவிட்டுப் போவாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் கழற்றி, இந்தா புள்ள, ஒன் வேலைக்கு ஆவுமான்னு பாரு என்று வெற்றிச்செல்வியிடம் கொடுத்தாள்.

அரியமுத்து கையை நீட்டினார். அவள் பெட்டியைக் கொடுத்தாள். தானே ஒருமுறை அழுத்தினார். கீச் கீச். இன்னொருமுறை அழுத்தினார்.

“இந்தக் கழுதைய நான்தான் ஆணி அடிச்சு மாட்டினேன்,” என்றார்.

 அவர் குனிந்து செங்கல்மேல் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டார்.

“வீரமணி, நீ கெளம்புப்பா. வந்து போன டீசலுக்கு வாங்கிக்க. எங்க வூட்டு பெல்லு சொல்லுச்சுன்னு போர் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா எனக்குப் பொண்ணு குடுத்தவன் வூட்டுல தலை காட்ட முடியாது.”

“நான் எங்கியும் சொல்லல ஐயா,” என்றார் வீரமணி. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். வண்டி கிளம்பித் தார்ச்சாலை ஏறும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“நெலத்துல கம்பி நட்டு, கரண்டு விட்டு அடியில பாக்குற ஆபீசருங்க பெரம்பலூர்ல இருக்காங்க,” என்றாள் ஜோதி. “நான் மனு எழுதித் தரேன். அதுல கதை எழுத மாட்டேன்.”

“அவங்களும் இல்லைன்னா?”

“இல்லைன்னா சோளம் போடுங்க. மண்ணு ஒங்களோடது, எங்கயும் போவாது,” என்றாள் வெற்றிச்செல்வி.

அவர் தலையை ஆட்டினார். பிறகு பெட்டியின் அறுந்த வயிற்றை விரலால் மூடிப் பார்த்தார். “இந்த வெட்டுக்கு மேல பூசி மறைக்கணும்ல? எந்தப் பக்கம் பூசுனா தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வா, வூட்டுக்குப் போவோம்.”

விளக்கு வைப்பதற்குள் ஒட்டி முடித்தார்கள். கொத்தனார் கை பட்டதில் தழும்பே தெரியவில்லை. குங்குமப் பொட்டும் போனது. மண்ணுக்குள் விழுந்த அந்த ரெசிஸ்டர் மட்டும் போனது போனதுதான். வேறொன்று வாங்க அரியலூர்க் கடை திறக்க ஒன்பது மணி ஆகும்.

காலையில் பள்ளத்தில் ரஞ்சித்குமார் பெட்டியை வாங்கி அழுத்தினார். கீச் கீச் என்றது. “என்னங்க இது, குருவி கத்துது? மெசின் மாதிரி ஒரு முனகல் கேட்டிருந்தேனே.”

வெற்றிச்செல்வி ஜோதியைப் பார்த்தாள். ஜோதி பிரதியை நீட்டினாள். காலையில் வரும் வழியில் பஸ்ஸிலேயே பேனாவால் மாற்றி எழுதியிருந்தாள்.

“செவ்வாயில பறவையே கெடையாது சார். ஊர்லேருந்து போனவங்க மெசின் செய்யுறப்போ, தண்ணி இருந்தா என்ன சத்தம் கேட்கும்னு யோசிச்சு, குருவியை வெச்சிருக்காங்க. படிச்சுப் பாருங்க.”

அவர் படித்தார். மறுபடி அழுத்தினார். அந்த வெள்ளைப் பள்ளத்தில், செடி கொடி இல்லாத கல்சுவர்களில் பட்டு, ஒரு குருவி பத்துக் குருவியாகக் கேட்டது. “இது நல்லாருக்கு,” என்றார் மெதுவாக. “இந்தப் பெட்டியைச் செஞ்சவங்கதான் மிச்ச எல்லாத்தையும் செய்யணும்.”

“நாங்கதான் செய்வோம்,” என்றாள் வெற்றிச்செல்வி.

நடிகர் பெட்டியை ஒரு விரலில் மாட்டித் துள்ளிக்கொண்டு நடந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அரியமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போனார். “தம்பி, அப்புடி இல்ல. கனமா புடிங்க. ரெண்டு மாட்டை வித்துட்டு நடக்குறவன் மாரி நடங்க. வெரலு தன்னால எறங்கும்.”

பெட்டியை வாங்கி நடந்தும் காட்டினார். ஒவ்வொரு அடியும் வைத்து, மண்ணைக் கேட்டுக் கேட்டு நடந்தார். யாரும் சொல்லாமலே கேமராக்காரர் அதை எடுத்துக்கொண்டார். பத்தாவது அடியில் கட்டைவிரல் இறங்கியது.

கீச், கீச், கீச்சூ.

மேலே கல்லில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த இருசம்மாள் சட்டென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

“யாரு? வாங்க, வாங்க.”