மாப்பிள்ளை பூசிய சிலிக்கான்

என் வாயை அன்றைக்கு யாராவது தைத்திருந்தால் பாபனுக்கு இந்நேரம் ஒரு கடை இருந்திருக்கும்.

பாபன் என் மனைவி சுதேஷ்ணாவின் தம்பி. அப்போது வயது முப்பத்தொன்று. ஸ்ரீராம்பூரில் என் மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் வண்ணமீன் கடை வைக்கவேண்டும் என்பது அவனுடைய ஐந்து வருட ஆசை. மாமனார் ஹரிசாதன் பாபு சணல் ஆலையில் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்ற பிள்ளையைக்கூட நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அதே அறையைக் கேட்டு ஒரு மருந்துக்கடைக்காரர் வேறு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

பாபன் உத்தர்பாராவில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து பழைய மீன்தொட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஐந்தடி நீளம், இரண்டடி உயரம், தடிக் கண்ணாடி. இறக்கி வைக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டு மூலையிலும் ஒழுகல். கண்ணாடிகளை ஒட்டியிருந்த சிலிக்கான் பசை மஞ்சளித்து, விளிம்பில் உரிந்து நின்றது. மாமனார் பார்த்தார்.

"இந்த ஒரு தொட்டியை ஒழுகாம நிறுத்திக் காட்டுடா. ஜாமாய் ஷஷ்டிக்கு எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி இதுல மீன் நீந்தணும். நீந்திச்சா அன்னிக்கே அறைச்சாவி உன் கையில. இல்லேன்னா மருந்துக்கடை. இதுக்கு மேல பேச்சு கிடையாது."

ஜாமாய் ஷஷ்டி எங்கள் கல்கத்தாப் பக்கம் மாப்பிள்ளைக்கான நாள். மாமியார் விரதமிருந்து, மாப்பிள்ளை நெற்றியில் தயிர்ப்பொட்டு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, விசிறி எடுத்து வீசிச் சோறு போடுவார். அன்றைக்கு மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்த விரதமே பாழ் என்பது என் மாமியாரின் கணக்கு. அந்த வீட்டில் ஒரே மாப்பிள்ளை நான்தான். கேட்கவா வேண்டும், வருடத்துக்கு ஒருநாள் ராஜா.

பண்டிகை புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு நான் போனபோது பாபன் பிளேடும் தின்னர் பாட்டிலுமாகத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், நல்லவேளை வந்தீங்க. பழசை முழுக்கச் சுரண்டி, அஞ்சு கண்ணாடியையும் பிரிச்சு மறுபடி ஒட்டணும். அப்புறம் ஒரு வாரமாச்சும் காயணும். புதன்கிழமைக்கு ஆகவே ஆகாது. அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா கேப்பாரு."

அவன் என்னிடம் கேட்டது அந்த ஒரே ஒரு உதவி. நான் என்ன செய்தேன்? இளித்தேன்.

"பிரிக்கிறதா? உனக்கென்ன கிறுக்கா? ஒழுகுற மூலையில புதுசா ஒரு கோடு இழுத்துவிட்டா முடிஞ்சுபோச்சு."

"பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாது அத்தான்."

"நீ எத்தனை தொட்டி வச்சிருக்கே, எனக்குப் பாடம் எடுக்குற?"

"வைக்கத்தான் விடமாட்டேங்குறாரே!"

மாமனார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டுக்கடா. மாப்பிள்ளைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சோ? எதைச் சொன்னாலும் ஒரு வாரம், ரெண்டு வாரம். சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது?"

பாபன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். கல்கத்தாவில் கேலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் நான் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு பேர் நின்று கேட்பார்கள். "பழசு மேல பூசாதீங்கப்பா, ஒட்டாது" என்று நானே அங்கே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் மாமியார் டீயோடு வந்து, "நீங்க கை வச்சா சரியாப் போயிடும் மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கையிலிருந்த சிலிக்கான் துப்பாக்கியை வாங்கி, பழசின் மேலேயே நீளமாகக் கோடு இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு விரலால் தடவிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாபன் தின்னர் பாட்டிலை மூடி வைத்தான். அக்கா புருஷனிடம் எவ்வளவுதான் எதிர்த்துப் பேசுவான்?

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு ஃபோன் செய்தான். "அத்தான், புளிச்ச வாடை இன்னும் போகல. முழுசாக் காயலேன்னு நினைக்கிறேன். தண்ணி ஊத்தணுமா?"

"ஊத்துடா, நான் சொல்றேன்ல. தொடைநடுங்கியா இருந்தா எப்படிக் கடை நடத்துவே?"

ஊற்றிவிட்டான். புதன் காலை தன்னுடைய பதினான்கு ஏஞ்சல் மீன்களையும் அதில் விட்டான். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டிரம்களில், குஞ்சிலிருந்து இரண்டு வருடம் அவன் வளர்த்த மீன்கள்.

நாங்கள் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பொட்டும் நூலும் ஆனதும் புது ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, தொட்டியைப் பார்க்கத் தனியாகக் கீழே இறங்கினேன். மீன்கள் ஆடம்பரமாக நீந்திக்கொண்டிருந்தன. குனிந்தேன். இடதுபக்கக் கீழ்மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

விரலால் துடைத்தேன். மறுபடி வந்தது. துடைத்தேன். மறுபடி வந்தது, கொஞ்சம் பெரிதாக.

மேலே பார்த்து, "பாபன், தண்ணியைப் பாதி இறக்குடா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மீனும் பிழைத்திருக்கும். பூச்சு என் பூச்சு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதுதான் எனக்கு ஆகவில்லை, வேறொன்றுமில்லை. ராஜா தோற்கலாமா? ஸ்டாண்டின் மேல் மாமியார் போட்டிருந்த பூவேலைத் துணியை அந்த மூலையை மறைக்கிற மாதிரி இழுத்துவிட்டேன். நாலு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவோம், அதுவரை தாங்கினால் சரி, அப்புறம் யார் பாடோ என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். சீ, என்ன மனுஷன் நான்!

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. வெண்கலத் தட்டைச் சுற்றிக் கிண்ணங்களாக வைத்து, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வீசிக்கொண்டிருந்தார். பருப்பு முடிந்து மீனுக்கு வந்தபோது கீழேயிருந்து சத்தம். கண்ணாடி உடைகிற சத்தம் இல்லை. மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். அதற்குள் பாபன் எழுந்து ஓடிவிட்டான்.

பின்னால் போய்ப் பார்த்தால், அறை முழுக்கத் தண்ணீர் பரவி வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடி வாய் பிளந்து நின்றது. பாபன் முட்டிபோட்டு, துள்ளுகிற மீன்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். பிழைத்தது ஐந்து. நான் பூசிய கோடு அப்படியே முழுசாக உரிந்து, ஒரு முழ நீளத்துக்கு நாடா மாதிரி தொங்கியது. பழசோடு ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை. பாபன் அதைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அதைப் பிய்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மாமனார் படியிலேயே நின்று கத்தினார். தெருவில் ஆள் கூடிவிட்டது.

"நினைச்சேன்! இதுக்குத்தான் உனக்குக் கடையா? மாப்பிள்ளை அவ்வளவு சிரத்தையா அடைச்சுக் கொடுத்ததைக்கூட உனக்கு ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்லை. எங்கே தூக்கினே, எங்கே இடிச்சே? ஒரு தொட்டி, ஒரே ஒரு தொட்டி! சனிக்கிழமை மருந்துக்கடைக்காரனை வரச்சொல்லிடுறேன்."

பாபன் தலையைத் தூக்கவே இல்லை. மீனைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான்.

"ஈரத்துல நிக்காதீங்க மாப்பிள்ளை, தட்டு பாதியில கிடக்கு" என்று மாமியார் என்னைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். நானும் போனேன், வெட்கங்கெட்டவன். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அப்பா," என்றேன், "பாபனைத் திட்டாதீங்க. என் மேலயும் தப்பு இருக்கு. அவசரப்படுத்தினது நான்தான்."

அதைச் சொல்லி முடிக்கவே எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அடுத்தது வாயில் தயாராக இருந்தது. பழசின் மேல் பூசியது நான், ஒழுகியதைப் பார்த்தது நான், துடைத்து மறைத்தது நான். ஆனால் மாமனார் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா சுதேஷ்ணா, உன் புருஷனை? மச்சானைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்குறாரு! இந்த மனசு எவனுக்கு வரும்?"

சுதேஷ்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். மாமியார் தட்டில் பெரிய ஹில்சா மீன் துண்டாகப் பார்த்து வைத்தார். அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோமடா சாமி என்று இருந்தது. அந்த மீனை முள் எடுத்துச் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

நாலு மணி ரயிலுக்குப் பாபன்தான் மாம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஸ்டேஷன் வந்தான். சுதேஷ்ணா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது மெதுவாகக் கேட்டேன்.

"அந்தச் சிலிக்கானை ஏன்டா மறைச்சே? காட்டியிருந்தா அப்பாவுக்குப் புரிஞ்சிருக்குமே."

"இன்னிக்கு உங்க நாள் அத்தான். அம்மா காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்கல. நான் எப்படிக் காட்டுறது? நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"சொன்னேனேடா! உன் அப்பா நம்பலையே!"

"சொன்னீங்க," என்றான். ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்."

சனிக்கிழமையே மருந்துக்கடை வந்துவிட்டது. இது நடந்து ஆறு ஜாமாய் ஷஷ்டி ஆகிறது. பாபன் இப்போது ரிஷ்ராவில் யாரோ ஒருவருடைய மீன்கடையில் தொட்டி கழுவுகிறான். ஒவ்வொரு வருடமும் நான் அந்த மருந்துக்கடையைத் தாண்டித்தான் மாடியேறுகிறேன். "பெரிய மனசுக்கார மாப்பிள்ளை வந்தாச்சு" என்று மாமனார் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த இன்னொரு தடவையை இன்னும் சொல்லவில்லை.