முப்பத்தாறு

காலை ஒன்பதரைக்கு வந்தபோது அந்தக் குழந்தை போட்ட கூச்சலில் குழந்தைகள் பிரிவே திரும்பிப் பார்த்தது. ஒன்றரை வயது இருக்கும். நெஞ்சில் சளி கட்டி மூச்சு விசிலடித்தது. நுழைவு மேசையில் உட்கார்ந்து, யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரித்து அனுப்புவது நர்ஸின் வேலை. பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறாள். மூச்சை எண்ணக் குனிந்ததும், அவள் சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் குழந்தை எட்டிப் பிடித்து இழுத்தது. ஊக்கு தெறித்துவிடும் போலிருந்தது.

“அடேயப்பா! துரைக்கு மணி பாக்கணுமா?” என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்துக்கொண்டு எண்ணினாள். நிமிடத்துக்கு அறுபத்துநான்கு.

டாக்டரம்மா வந்து பார்த்து, முகமூடி வைத்து ஆவி மருந்து கொடுக்கச் சொன்னாள். அரை மணி கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கவும் சொன்னாள். தாயும் தாய்மாமனும் குழந்தையோடு மஞ்சள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் என்றால் கண்ணிலேயே இருக்க வேண்டியவர்கள். பச்சை என்றால் காத்திருக்கலாம். சிவப்புக்குப் பெஞ்சே கிடையாது. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மறுபடி எண்ணப் போனபோது கூடத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் போல் கூட்டம். ஆனாலும் அவள் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவள் அல்ல. எத்தனை பேர் கத்தினாலும் முழு நிமிடம் எண்ணுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. எண்ணினாள். முப்பத்தாறு.

“அழுகை நின்னுடுச்சு சிஸ்டர். நெஞ்சுல அந்தச் சத்தமும் இல்ல. தூங்குறான்,” என்றாள் தாய். இரண்டு நாளாகக் கண்ணை மூடாத முகம் அது. அந்த முகத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல நர்ஸுக்கும் ஆசையாக இருந்தது.

“நல்லா இறங்கியிருக்கும்மா. அந்தப் பச்சை பெஞ்சுல போய் உக்காருங்க,” என்றாள். அட்டையில் அறுபத்துநான்குக்குக் கீழே முப்பத்தாறு என்று எழுதினாள்.

மாமனுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் கதை அளக்க ஆரம்பித்தான். “ராத்திரியெல்லாம் ஊரையே கூட்டினான். இப்ப பாருங்க, தூக்கத்துலகூட மாமன் பேச்சுக்கு ஆமாம் ஆமாம்னு தலையாட்டுறான். இந்த வீட்டுல எனக்குத் தலையாட்டுற ஒரே ஜீவன் இவன்தாங்க.”

பெஞ்சே சிரித்தது. நர்ஸும் சிரித்தாள். அடுத்து காதுவலியோடு ஒரு சிறுமி வந்தாள். தொட விடவில்லை, காலால் உதைத்தாள், கடிகாரத்தைத் தட்டிவிட்டாள். அது ஊசலாடியது. ஆடுகிற கடிகாரத்தை நர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சற்றுமுன் இதே கடிகாரம் அந்தக் குழந்தையின் மூக்குக்கு நேராக ஒரு முழு நிமிடம் தொங்கியது. அவன் அதைத் தொடவில்லை. கண்கள் முழுதாக மூடியிருக்கவும் இல்லை. அவள் முள்ளைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சிரிப்பு இன்னும் உதட்டில் ஒட்டியிருக்கும்போதே மாமனின் வார்த்தை திரும்பவும் காதில் விழுந்தது. தலையாட்டுறான்.

ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தலையாட்டல். நெஞ்சால் இழுக்கத் தெம்பில்லாமல் கழுத்தால் மூச்சை இழுக்கிற குழந்தைதான் அப்படி ஆட்டும். மூச்சு குறைந்தது நோய் தணிந்து அல்ல, சோர்ந்து. விசில் நின்றது, உள்ளே காற்றே போகாததால்.

சிறுமியைத் தாயின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். குழந்தையின் உதடு சாம்பல் பூத்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். முகம் சுளிக்கவில்லை.

“என்ன சிஸ்டர், என்ன?” என்று மாமன் எழுந்தான். அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தோளால் தள்ளினாள். ஆக்சிஜன், முகமூடி, காற்றுப்பை. தலையை மட்டாக வைத்துத் தாடையைத் தூக்கிப் பிடித்து, பையை அழுத்தினாள். அழுத்து, விடு. அழுத்து, விடு.

டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். “ரெண்டு பக்கமும் காத்து போகவே இல்ல. எவ்ளோ நேரமா இப்படி?”

யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் ஒருவரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை.

“பத்து நிமிஷமாவது இருக்கும். சரியாயிட்டான்னு நினைச்சு நான்தான் பச்சைக்கு அனுப்பினேன்,” என்றாள் நர்ஸ். கை மட்டும் நிற்கவில்லை.

டாக்டரம்மா ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தாள். “விடாதீங்க, அழுத்துங்க,” என்று மருந்தை ஏற்றப் போனாள்.

மத்தியானம் குழந்தை குழாயோடும் இயந்திரத்தோடும் கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் அது இயந்திரத்தின் கணக்கு. நாளைக்குத்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா. தாய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் ஓடி வரலன்னா...”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. அந்தப் பெஞ்சுக்கு அனுப்பினதே நான்தானே.”

தாய் கையை விடவில்லை. இறுக்கவும் இல்லை. “தூங்குறான்னு நானும்தானே சொன்னேன்,” என்றாள்.

சுவரோரம் நின்ற மாமன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “அப்ப அவன் எனக்குத் தலையாட்டலையா சிஸ்டர்?”

நர்ஸ் அட்டையை எடுத்தாள். முப்பத்தாறு அங்கேயே இருந்தது, தன் குண்டுக் கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘குழந்தையின் சோர்வு. நான் கவனிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

போர்வையைச் சரிசெய்யக் குனிந்தாள். கடிகாரம் நழுவி, திறந்து கிடந்த அந்தச் சின்ன உள்ளங்கைக்கு மேலே விரற்கடை உயரத்தில் தொங்கியது. முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் எண்ணவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு, நிமிராமல் நின்றாள்.