ஒரு கரண்டி சீம்பால்

கொட்டைக்கு ஏது மடி என்று கேட்டு ஒரு கூட்டத்தையே சிரிக்க வைத்தவர் ஃபோல்கர்ட். பால் கூட்டுறவின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, பாதாமை அரைத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டு அதற்குப் பால் என்று பெயர் வைக்கிறவர்களை ஒரு பிடி பிடித்தார். "மடி இல்லாம வர்றதெல்லாம் பாலுன்னா மழையும் பாலுதான்! அப்புறம் நாம எதுக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாட்டு வாலால அடி வாங்கணும்?" கூடம் அதிர்ந்தது. மறுவாரம் வட்டாரப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் மாடு வைத்திருக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன கௌரவம் வேண்டும்?

அதே மனிதர் இப்போது சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாதாம் பிழிந்துகொண்டிருந்தார்.

எல்லாம் மனைவி கேஸ்கேவுக்காக. இலையுதிர் காலத்தில் அவளுடைய கணையத்தில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. புத்தாண்டு முடிந்ததும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு பாலும் அவளுக்கு எதிரியாகிவிட்டது. பசும்பால் ஒரு வாய் உள்ளே போனால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். பால் இல்லாத காப்பியை அவள் வாழ்நாளில் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் சுலபமாகச் சொல்லிவிட்டாள்: "பாதாம் பால் குடுத்துப் பாருங்க. பசும்பால் ஒரு சொட்டு கலக்காதது. கடையில அட்டைப்பெட்டியில கிடைக்கும்."

கிடைக்கும்தான். ஆனால் அந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் கூட்டுறவுச் செயலாளரின் மனைவி. ஃபோல்கர்ட் அந்த அட்டைப்பெட்டியோடு போய் அவள் முன்னால் நின்றால் சாயங்காலத்துக்குள் மானம் கப்பலேறிவிடும். பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது மானம் என்ன மானம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் மனிதர் அப்படித்தான், வீம்பு பிடித்தவர். பாதாம் பருப்பு வாங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்.

"என்ன ஃபோல்கர்ட், கிறிஸ்துமஸ்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் கேக் சுடுறீங்களா?" என்றாள் கல்லாக்காரி.

"பறவைங்களுக்குப் போடறேன்."

"பாதாமா! அடுத்த பிறவியில உங்க வீட்டுத் தோட்டத்துலதான் குருவியாப் பொறக்கணும் நான்."

முதல் தடவை தோலை உரிக்காமல் அரைத்தார். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புக் கரைசல் போல வந்தது. அடுத்த தடவை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுத்தார். மாட்டைக் கறக்கத் தெரிந்த விரல்களுக்கு அது பெரிய வேலையில்லை. வடிகட்டத்தான் துணி இல்லை. கறவை இயந்திரக் குழாயில் மாட்டுகிற நீளமான வடிகட்டி உறை ஒன்றைப் புதிதாகப் பிரித்து, அதில் விழுதை ஊற்றி, காம்பைப் பிடிப்பது போலப் பிடித்து மேலிருந்து கீழாகப் பிழிந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்து கேஸ்கே இதைப் பார்த்துவிட்டாள். சமையலறைக் கதவைத் தாழிட்டவருக்கு அந்த அறைக்குப் போகும் நடுக்கதவைச் சாத்தத் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"யோவ், நல்லா இழுத்துக் கறய்யா! உதைக்கப் போகுது."

"சிரி சிரி. வெளியில யார்கிட்டயாவது சொன்னே..."

"யார்கிட்ட சொல்லப் போறேன்? ஒரு சொட்டு குடு, கொட்டையோட மடி எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

காப்பியில் விட்டுக் குடித்தாள். வயிறு பேசாமல் இருந்தது. அன்று அவர் கொட்டிலில் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

கேஸ்கேவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். அவர்களுடைய ஒரே பெண் மாரிட் நியூசிலாந்தில் இருந்தாள். பண்ணையை எடுத்து நடத்த வேண்டியவள் அதை உதறிவிட்டு அவ்வளவு தூரம் கிளம்பியபோது, கேஸ்கே கோபத்தில் வழியனுப்பக்கூட வராமல் மாடியிலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் நூறு தடவை பேசியாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மாரிட் ஏப்ரலில் விடுமுறை விட்டதும் வருவதாக இருந்தது. கேஸ்கே டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "வலிக்கு மருந்து கொஞ்சமாத்தான் குடுக்கணும். வலிச்சா வலிக்கட்டும். அவ வர்றப்போ நான் தூங்கி வழிஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது. தெளிவா இருந்து அவகிட்ட பேசணும்."

ஃபோல்கர்ட் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் அவர் கண் அவள் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. அவ்வளவு மெலிந்துபோயிருந்தது அது.

மாடு வளர்க்கிறவருக்கு உலகத்தில் ஒரு கணக்குத்தான் தெரியும். குடிக்கிறது பிழைக்கும், குடிக்காதது போய்விடும். வெளியே அவ்வளவு மாடுகள் மடி நிறைந்து நிற்க, தன் பெண்டாட்டி கொட்டைத் தண்ணீரில் உயிர் வாழ்கிறாள் என்பது அவரைத் தின்றது. பிறந்து எழுந்திருக்க முடியாமல் வைக்கோலில் கிடக்கும் கன்றுக்கு என்ன கொடுப்பார்? சீம்பால். ஈன்ற மாட்டின் முதல் பால், மஞ்சளாக, கெட்டியாக. அதைக் குழாய் வைத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும், கால்மணியில் காது ஆடும், அரைநாளில் முட்டி போட்டு எழுந்துவிடும். அதற்காகவே எந்தப் பண்ணையிலும் உறைபெட்டியில் சீம்பால் பாட்டில்கள் இருக்கும்.

மார்ச்சில் அவருடைய நல்ல கறவை ஒன்று ஈன்றது. மறுநாள் பாதாம் பாலில் ஒரு கரண்டி சீம்பாலைக் கலந்தார். ஒரு கரண்டிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கேஸ்கே கோப்பையை வாயில் வைத்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மஞ்சளா இருக்கே?"

"தேன் விட்டேன்."

"அப்படியா," என்றாள். மெதுவாக முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

முழுக் கோப்பை! எத்தனையோ நாளாக அவள் எதையும் முழுதாகக் குடித்ததில்லை. ஃபோல்கர்ட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு கரண்டி இரண்டாயிற்று, பிறகு அளவே பார்க்காமல் ஊற்ற ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு நாளும் குடித்தாள். நர்ஸ் நிறுத்துப் பார்த்தபோது எடை கூடியிருந்தது. "பாத்தீங்களா!" என்று அவர் துள்ளினார். நர்ஸ் கேஸ்கேவின் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. "இது சதை இல்ல, நீர்," என்று மெல்லச் சொன்னாள். அந்த வார்த்தையை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பண்ணை டௌவேயிடம் போய், "தேறிக்கிட்டு வர்றா," என்றார்.

ஆனால் வலி கூடிக்கொண்டே போனது. கேஸ்கே பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் கத்திவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் கத்தி அவர் கேட்டதில்லை. டாக்டர் வந்து வலி மருந்தின் அளவைக் கூட்டினார். நோய் முற்றுகிறது என்றார். அதன் பிறகு அவள் பெரும்பாலும் தூங்கினாள். கண் திறக்கிறபோது ஃபோல்கர்ட் கோப்பையோடு நின்றார். அவளும் குடித்தாள்.

மாரிட் வந்து சேர்ந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்கத் தூங்கினாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு தடவை கண்ணைத் திறந்து, மகளைப் பார்த்து, "மாடு கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மாரிட் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காப்பி போடுவதற்காகச் சமையலறைக்கு வந்தவள், குளிர்பெட்டியில் இருந்த ஜாடியை எடுத்துத் தன் கோப்பையில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல என்ன இருக்கு?"

"பாதாம். தண்ணி. கொஞ்சம் தேன்."

"நான் இந்த வீட்டுல பொறந்தவ. சீம்பால் ருசி எனக்குத் தெரியாதா?"

குட்டு வெளிப்பட்டதும் ஃபோல்கர்ட்டுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஆமா, கலந்தேன். அதுக்கு என்ன இப்போ? மாட்டு டாக்டரே கைகழுவின கன்னையெல்லாம் இதக் குடுத்து நான் எழுப்பியிருக்கேன். ஒண்ணா ரெண்டா? அந்தக் கொட்டைத் தண்ணியக் குடிச்சு எந்த ஜீவன் பிழைக்கும்? சொல்லு பாக்கலாம்!"

"அம்மா கன்னுக்குட்டி இல்லப்பா," என்றாள் மாரிட்.

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. நர்ஸுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னாள். நர்ஸும் திட்டவில்லை. பாதி வலி அதனால் வந்ததாக இருக்கலாம், நிறுத்திப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். ஃபோல்கர்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேஸ்கே தெளிவாக இருக்க ஆசைப்பட்ட நாட்களைத் தான்தான் ஒவ்வொரு கோப்பையாகப் பறித்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு எழுந்து போய் உறைபெட்டியில் இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துச் சாணக்குழியில் கொட்டினார். ஒரு சொட்டுப் பாலை வீணாக்கி அறியாதவர். கொட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதார்.

வெறும் பாதாம் பால் கொடுக்க ஆரம்பித்த பிறகு வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டர் மருந்தைக் குறைத்தார். ஒருநாள் முற்பகலில் கேஸ்கே கண்ணைத் திறந்து, "அடியே, எப்ப வந்தே? இப்படி இளைச்சுப் போயிருக்கியே," என்றாள்.

ஃபோல்கர்ட் கோப்பையோடு வரும்போது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போக மனம் வராமல் நடைவழியிலேயே நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நான் கீழ இறங்கி வந்திருக்கணும்டி. வீம்பு. உங்கப்பாவோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினா வேற என்ன வரும்?"

மாரிட் அழுதுகொண்டே சிரித்தாள். "நீ ஜன்னல்கிட்டதாம்மா நின்னே. திரை ஆடிச்சு. நான் பாத்துட்டுத்தான் கார்ல ஏறினேன்."

"பாத்தியா? அப்ப சரி." "நீ வந்தப்ப நான் முழிச்சிருக்கணும்னு எவ்வளவோ பாத்தேன்."

"அம்மா, அப்பா உனக்குக் குடுத்தாரே, அதுல..."

"சீம்பால். தெரியும்."

"தெரியுமா!"

"முதல் வாய்லயே தெரிஞ்சிருச்சு. நாற்பது வருஷமாப் பண்ணைக்காரன் பெண்டாட்டி, தேனுக்கும் சீம்பாலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"பின்ன ஏம்மா குடிச்சே? அவ்வளவு வலியோட?"

கேஸ்கேவுக்கு மூச்சு வாங்கியது.

"நான் கோப்பையைக் காலி பண்றப்போ அவன் மூஞ்சியப் பாத்திருக்கியா நீ? கன்னு எழுந்து நிக்கறப்போ வருமே, அந்த மூஞ்சி. நான் சாகப்போறேன்னு டாக்டர் சொன்னதுலேருந்து அந்த மூஞ்சியை நான் பாக்கவே இல்ல. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அவனுக்காக மட்டும் குடிச்சேன்னு நெனைக்காத." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதடி. சொன்னா மிச்ச காலம் பூரா அதையே நெனைச்சு மாய்ஞ்சு போவான். சத்தியமாச் சொல்லு."

"சத்தியமாம்மா."

நடைவழியில் ஃபோல்கர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வருகிறவர் போலச் செருப்பைச் சத்தமாகத் தேய்த்தபடி உள்ளே போனார்.

கேஸ்கே ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னய்யா இது, தண்ணியா இருக்கு? முன்னாடியெல்லாம் நல்லா இருந்துச்சே."

மாரிட் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை பாதாம் சரியில்ல," என்றார் ஃபோல்கர்ட். "அடுத்த தடவை நல்லதாப் பாத்து வாங்கறேன்."

"பாத்து வாங்கு. ஏமாத்திடப் போறாங்க."

அவள் குடித்து முடிக்கும்வரை அவர் கோப்பையின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் கழுத்தையே பார்த்தார், ஒவ்வொரு மிடறும் இறங்குவதை.

அந்த ஒரு பகலும் மறுநாள் காலையும்தான் கிடைத்தன. அதன் பிறகு நோய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. வார முடிவுக்குள் கேஸ்கே போய்விட்டாள். ஊர் முழுக்க வந்தது. கூட்டுறவிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. டௌவே சொல்லாமலே வந்து இரண்டு வேளையும் மாடுகளைக் கறந்துவிட்டுப் போனான்.

மாரிட் கிளம்புகிற அன்று சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபோல்கர்ட் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். மனசு கேட்கவில்லை. ஒருத்தியாவது தன்னை முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுப் போனால் தேவலை போலிருந்தது.

"மாரிட். அம்மாவுக்கு அது... தெரிஞ்சிருக்குமா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. அவள் தோள் ஆடுவதை அவர் பார்த்தார்.

"இல்லப்பா," என்றாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

"நல்லதாப் போச்சு," என்றார் ஃபோல்கர்ட். கேஸ்கே குடித்ததைப் போலவே அவரும் அந்தப் பொய்யை முகம் கோணாமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், குடித்து முடித்தார்.