சிவப்புக் காருக்கு வாகனப் பூசை

ஒரு மனிதனின் பெருமையை அவனிடமுள்ள வாகனங்களைக் கொண்டுதான் உலகம் அளக்கிறது. உரும்பிராய் அருளம்பலத்தார் இதை வாசிகசாலையில் அடிக்கடி சொல்லுவார். அவரிடம் பந்தயக் கார்கள் மட்டுமே பதினேழு இருந்தன. பதினேழும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கும்.

எல்லாம் உலோகத்தில் வார்த்த, விரல் நீளக் கார்கள். வெளிநாடு போகிற சனம் விற்றுவிட்டுப் போகும் பிள்ளைகளின் சாமான்களுக்குள் கிளறி, பேரம் பேசி, மலிவாய் எடுத்தவை. சண்டையால் ஊருக்குப் பெற்றோல் வராத அந்த வருஷங்களில், ஊரில் ஓடக்கூடிய நிலையில் இருந்தவை தன்னுடைய கார்கள்தான் என்பது அவருடைய வாதம்.

அடுத்த வளவு நமசிவாயம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் உண்மையான ஒஸ்ரின் கார் ஒன்று நாலு கல்லின் மேல் ஏறி நின்றது. பின் சீற்றில் ஆடு படுத்தது. ஆனாலும் அருளம்பலத்தாருடையதை அவர் "விளையாட்டுச் சாமான்" என்றே சொல்லிவந்தார். நமசிவாயத்தின் வாயால் ஒருதரமாவது "கார்" என்று சொல்ல வைக்காவிட்டால் தான் ஒரு மனிசனே இல்லை என்று அருளம்பலத்தார் முடிவெடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிவப்புக் கார் ஒன்று கைக்கு வந்தது. கதவுகூடத் திறக்கும். புது வாகனத்துக்கு ஊர் செய்வதை இதற்கும் செய்துவிட்டால் பிறகு யார் மறுத்துக் கதைப்பது? வெள்ளிக்கிழமை காலை அதைத் தட்டத்தில் வைத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். நமசிவாயத்தையும் சாட்சிக்கு வரச் சொன்னார்.

வாகனப் பூசை என்று ஒன்று வந்து எத்தனையோ மாதம். ஐயர் மறுபேச்சில்லாமல் காரை வாசல் சீமெந்தில் இறக்கி மந்திரத்தைத் தொடங்கினார்.

"சந்தனத்தை நல்லாய் அப்புங்கோ ஐயா," என்றார் அருளம்பலத்தார்.

ஐயர் அப்பினார். கண்ணாடி மறைந்தது, கதவு மறைந்தது, சில்லும் மறைந்தது.

சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கும் கட்டத்தில்தான் சங்கடம். தேசிக்காய் காரை விட உயரம். ஐயர் சற்று யோசித்து, காயை வெட்டி, நாலு விதையை எடுத்து நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தார்.

நமசிவாயம் குனிந்து, "அண்ணை, லைசென்ஸ் கொண்டந்தனீங்களோ?" என்றார்.

அருளம்பலத்தார் அதைக் காதில் வாங்காமல் காரை ஒற்றை விரலால் தள்ளினார். கார் சறுக்கிக்கொண்டு போனது. விதைகளும் நசியாமல் முன்னால் சறுக்கின. அச்செல்லாம் சந்தனம். ஒரு சில்லும் சுழலவில்லை.

கும்பிட வந்தவர்கள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நமசிவாயம் மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலில் நின்று காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தன்னுடைய ஒஸ்ரினின் நினைவு வந்திருக்க வேண்டும்.

"இது கார்தான் அண்ணை," என்றார். "என்ரை மாதிரியே நிண்டிட்டுது."

அருளம்பலத்தாருக்கு அது போதும். வீடு திரும்பும்போது காரை மடியில் ஏந்தியபடி, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் ஒரு மந்திரியைப் போலத் தலையசைத்துக்கொண்டே வந்தார். வந்தது நமசிவாயத்தின் சைக்கிள் கரியரில். அருளம்பலத்தாருக்குச் சைக்கிள்கூட ஓடத் தெரியாது.